எமது உடற்பருமன் குறைந்த வரலாறு

(நமது சங்கத்தின் மாதர் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்றையக் கூட்டத்தில் பேசுமாறு எம்மைப் பணித்த காரியதரிசியவர்கள், “நீங்கள் இளைத்த கதையைச் சொல்லுங்கள், அதுவே போதும்” என்றார்கள். யாம் முதலில் மறுத்தோம். கல்வியைப் பற்றியும் கைத்தொழிலைப் பற்றியும் பெரியோர் பேசிய மேடையில் ஒரு ஸ்திரீ ஏறித் தன் தேகத்தின் எடையைப் பற்றிப் பேசுவது நாணத்தக்கது என்று எமக்குத் தோன்றிற்று. பின்னர் எம் அன்னையாரை நினைத்தோம், நாணம் அகன்றது. அவர்கள் நீரிழிவு நோயால் முதலில் இரண்டு கால்விரல்களை இழந்து, பிறகு முழங்காலுக்குக் கீழே காலையே இழந்து, 2011-ஆம் ஆண்டில் தமது 58-ஆம் வயதில் எம்மை விட்டுப் பிரிந்தார்கள். அவர்களும் எம்மைப் போலவே பருத்த தேகம் உடையவர்கள். “நம் வீட்டுப் பெண்களுக்கு உடம்பு வாகு அப்படி” என்று அவர்கள் சொல்ல, யாமும் நம்பியிருந்தோம்.

வாகு என்பது முழுப்பொய்யன்று. தாய் தந்தையர் வழியாகப் பருமன் வருதல் உண்டென்பது வைத்தியர் ஒப்பிய உண்மையே. ஆயினும் எம் பாட்டியாருக்கும் அதே வாகுதானே இருந்திருக்கவேண்டும்? அவர்கள் 80 வயது வரையில் மெல்லியராகவே வாழ்ந்தார்கள். என்னை காரணம்? நெசவு நம் குலத்தொழில். விடியற்காலையில் தெருவிலே பாவு நீட்டிக் கஞ்சி போட்டு, அதன் நெடுக இருபக்கமும் போவதும் வருவதுமாக நடப்பது அந்நாளில் பெண்டிர்க்கும் உரிய வேலை. தார் சுற்றுவது, கிணற்றில் நீர் இறைப்பது, அம்மியில் அரைப்பது, உரலில் குத்துவது என்று உறங்கும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் அவர்கள் அங்கங்கள் அசைந்தவண்ணம் இருந்தன. யாமோ, எம் கணவரவர்களின் ஜவுளிக்கடையில் கல்லாப்பெட்டியின் முன் காலை பத்து மணி முதல் இரவு எட்டு மணி வரையில் அமர்ந்திருந்தோம். அரைப்பதற்கு இயந்திரம், துவைப்பதற்கு இயந்திரம், கடைக்குச் செல்ல வண்டி. வேலை குறைந்தது, இலையில் விழும் சோறு மட்டும் பாட்டியார் காலத்து அளவிலேயே நின்றது. அன்றி, அவர்கள் காணாத பலகாரங்களும் எண்ணெயும் சர்க்கரையும் அதன்மேல் ஏறின.

இஃது எம் ஒருவர் வீட்டு நிலைமையன்று. 2015-16-ஆம் ஆண்டுகளில் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் நூற்றுக்கு 31 பேர் அளவுக்கு மிஞ்சிய எடையுடையவர்களாக இருந்தனர். 2019-21-இல் எடுத்த அடுத்த ஆய்வில் அத்தொகை நூற்றுக்கு 40 ஆயிற்று. இவ்வவையை ஒருமுறை கண்ணால் அளந்து பாருங்கள். கணக்குச் சரியாக இருக்கக் காண்பீர்கள்.

நிற்க. 2022-ஆம் ஆண்டு தை மாதத்தில் முழங்கால் வலி பொறாமல் யாம் ஒரு பெண் டாக்டரிடம் சென்றோம். அவர்கள் காலைத் தொட்டுப் பார்க்குமுன் எம்மைத் தராசின்மேல் நிறுத்தினார்கள். 78 கிலோ. உயரம் 152 சென்டிமீட்டர். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துக் காணும் கணக்கு ஒன்று உண்டு. பெல்ஜிய நாட்டுக் கணித அறிஞர் கெத்தலே என்பார் 1830-களில் வகுத்தது அது. அதன்படி எமக்கு வந்த எண் ஏறக்குறைய 34. மேல்நாட்டார்க்கு 25-க்கு மேற்பட்டால் மிகை, 30-க்கு மேற்பட்டால் பருமன் என்பர். நம் தேசத்தார் உடலில் குறைந்த எடையிலேயே வயிற்றைச் சுற்றிக் கொழுப்புச் சேர்ந்து நோய் விளைகின்றமையால், நமக்கு 23-ஐ மிகை என்றும் 25-ஐப் பருமன் என்றும் வரையறுத்துள்ளார்கள். இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருத்தல்வேண்டும், எமக்கு 104. இரத்தத்தைச் சோதித்ததில், மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் அளவு 7.9 என்று வந்தது. 6.5-க்கு மேற்பட்டால் நீரிழிவு. அன்று மாலை எம் அன்னையாரின் படத்தின் முன் நெடுநேரம் அமர்ந்திருந்தோம்.

அதன்பின் செய்த காரியம் அறிவுடையதன்று. டாக்டர் அம்மையார் ஒரு மாத்திரை எழுதி, ஆகாரத்தைக் குறைத்து நடக்கச் சொல்லி, பதினைந்து நாள் கழித்து வரச் சொன்னார்கள். யாம் பதினைந்து நாள் பொறுத்தோமில்லை. விளம்பரம் கண்டு ஒரு பொடியை விலை கொடுத்து வாங்கி, இருவேளை அப்பொடியும் ஒருவேளை கொள்ளுக்கஞ்சியுமாக நாற்பது நாள் கழித்தோம். ஆறு கிலோ குறைந்தது, உற்றார் வியந்தனர், யாமும் செருக்குற்றோம். நாற்பத்தோராம் நாள் ஒரு கலியாணப் பந்தி. அன்று தொடங்கிய பசி மூன்று மாதம் அடங்கவில்லை. குறைந்த ஆறுக்கு ஏழாக எடை திரும்பி வந்தது. தலைமயிர் கைப்பிடி கைப்பிடியாக உதிர்ந்தது. பட்டினியால் இளைக்கும்போது கொழுப்போடு தசையும் கரைகின்றது. திரும்பப் பருக்கும்போதோ பெரும்பாலும் கொழுப்பே வந்து சேர்கின்றது. ஆகவே முன்னிலும் கேடான உடம்போடு டாக்டர் அம்மையாரிடம் திரும்பச் சென்றோம்.

அவர்கள் எம்மைக் கடியவில்லை. ஒரு நோட்டுப்புத்தகத்தைக் கையிற் கொடுத்து, “இரண்டு வாரம் ஒன்றையும் குறைக்கவேண்டா. வாயில் போடுவதையெல்லாம் போட்டவுடனே எழுதி வாருங்கள்” என்றார்கள். அந்த இரண்டு வாரமே எம்முடைய உண்மையான சிகிச்சை என்போம். யாம் பெருந்தீனிக்காரியல்லோம் என்பது எம் எண்ணம். இலையில் மற்றவர்க்கு இட்டபின் எஞ்சியதைத்தானே உண்கின்றோம் என்று இரக்கமும் கொண்டிருந்தோம். நோட்டுப்புத்தகமோ வேறு கதை சொல்லிற்று. நாளொன்றுக்கு ஐந்து காப்பி. ஒவ்வொன்றிலும் குவித்த இரண்டு தேக்கரண்டி சர்க்கரை. ஐம்பது கிராம்! ஒரு வருஷத்துக்குப் பதினெட்டுக் கிலோச் சர்க்கரையை யாம் காப்பியில் மட்டுமே குடித்திருக்கின்றோம். நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் இருத்தல் நலம் என்பது 2015-இல் உலகச் சுகாதார நிறுவனம் கூறிய அளவு. குழந்தைகள் தட்டில் வைத்த மீதியை வீணாக்கலாகாதென்று உண்டது தனி. கடையில் வாடிக்கைக்காரர்க்கு வாங்கிய பஜ்ஜியில் ஒன்று, இரவு தொலைக்காட்சிக் கதை முடியுமட்டும் மடியில் ஒரு டப்பா முறுக்கு. இவையெல்லாம் எம் கணக்கிலே அதுவரை ‘சாப்பாடு’ ஆகவில்லை. சகோதரிகளே, வீட்டில் மிஞ்சியதைக் கொட்டுவதற்கு மனம் வராத தாய்மார் தம் வயிற்றையே குப்பைத்தொட்டியாக்கிக் கொள்கின்றார்கள். கடுஞ்சொல்தான். எம்மைப் பற்றிச் சொல்லுகின்றோமாதலின் பொறுத்தருள்க.

பிறகு எண்ணெய்க் கணக்கு. ஐந்து பேர் கொண்ட எம் குடும்பத்தில் மாதம் ஆறு லிட்டர் செலவாயிற்று. தலைக்கு நாளொன்றுக்கு 40 மில்லி. அதிலிருந்து மாத்திரம் 330 கலோரி. கொழுப்பு ஒரு கிராமில் 9 கலோரியும், மாவுப்பொருளும் புரதமும் ஒரு கிராமில் 4 கலோரியும் உள்ளன என்பதை அறிந்தால் எண்ணெய்ச் சட்டியைப் பார்க்கும் பார்வையே வேறாகிவிடும். தாளிப்பதற்குப் பாத்திரத்திலிருந்து சாய்த்து ஊற்றும் வழக்கத்தை விட்டுத் தேக்கரண்டியால் அளந்து விடலானோம். மூன்று மாதத்தில் ஆறு லிட்டர் மூன்றாயிற்று. குழம்பின் சுவை குறைந்ததென்று வீட்டில் ஒருவரும் கூறவில்லை. எம் மாமியாரவர்கள் மட்டும் முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்கள்.

சோற்றை யாம் விலக்கவில்லை. காலையில் ஆறு இட்டிலி உண்ட இடத்தில் இரண்டு இட்டிலியும் ஒரு கிண்ணம் சுண்டலோ ஒரு முட்டையோ. மத்தியானத்தில் தட்டின் பாதியை முதலில் கீரையும் காயும் நிரப்பிவிட, மற்றப் பாதியைச் சோறும் பருப்பும் அல்லது மீனும் பங்கிட்டுக்கொள்ளும். காய்கறியை முதலில் உண்டு சோற்றுக்கு வரும்போது பசி பாதி அடங்கியிருக்கும். இரவு எட்டு மணிக்குள் போஜனம். காப்பி இரண்டு, சர்க்கரையின்றி. சர்க்கரையில்லாக் காப்பி முதல் பத்து நாள் கஷாயம் போல் இருந்தது. இருபதாம் நாளில் நாக்கு பழகியது. இன்று யாரேனும் சர்க்கரை போட்டுக் கொடுத்தால் அதுவே எமக்கு மருந்து போலிருக்கின்றது. கேழ்வரகும் கம்பும் உண்டால் இளைக்கும் என்று பலர் கூறக் கேட்கின்றோம். அவற்றில் நார் மிகுதி என்பது மெய். ஆயினும் மாவுப்பொருள் அரிசியில் உள்ளதற்குப் பெரிதும் குறைந்ததன்று. களியேயாயினும் அளவின்றி உண்டால் பருக்கவே செய்யும்.

இனித் தேகப்பயிற்சி. இங்கே ஒரு மயக்கத்தைத் தீர்க்கவேண்டும். நடந்தால் இளைக்கலாம் என்றே பெரும்பாலோர் எண்ணுகின்றனர். எம் எடையுள்ள ஒருத்தி முக்கால் மணி நேரம் நடந்தால் செலவாவது ஏறக்குறைய 200 கலோரி. நடந்து திரும்பும் வழியில் இரண்டு உளுந்து வடை தின்றால் கணக்கு நேராகிவிடும். எடை குறைவது பெரிதும் அடுக்களையில். நடையின் பயனோ வேறு. அசையும் தசை இரத்தத்திலுள்ள சர்க்கரையை உறிஞ்சிக்கொள்கின்றது; இருதயம் வலுக்கின்றது; உறக்கம் வருகின்றது; குறைந்த எடை திரும்பாமல் காக்கின்றது. சென்னையில் நடந்து 2006-இல் வெளியான ஆராய்ச்சியொன்று இதற்குச் சான்று. நீரிழிவின் வாயிற்படியில் நின்ற 531 பேரைச் சேர்த்து அதனைச் செய்தார்கள். ஆகாரத்தையும் நடையையும் திருத்திக்கொண்டவர்க்கு நீரிழிவு வரும் வாய்ப்பு மூன்றாண்டில் நூற்றுக்கு 28 பங்குக்கு மேல் குறைந்தது. அவர்கள் எடை பெரிதாகக் குறையாதிருக்கவும் இப்பயன் விளைந்தது என்பதே வியப்பு. அமெரிக்காவில் 2002-இல் வெளியான பேராராய்ச்சியில், எடையில் நூற்றுக்கு 7 பங்கு குறைப்பதையும் வாரம் 150 நிமிஷம் உழைப்பதையும் குறியாகக் கொண்டவர்க்கு 58 பங்கு குறைந்தது; மாத்திரை உண்டவர்க்கு 31 பங்கே. ஆகவே தராசின் முள் அசையவில்லையென்று நடையை விடுவோர் பெரிய நஷ்டம் அடைகின்றனர்.

முதல்நாள் யாம் நடக்கப் புறப்பட்டது ஏதோ களவு செய்யப் போவது போல் இருந்தது. புடைவைக்குக் கீழே கான்வாஸ் ஜோடு. தெருவில் கோலம் போட்டுக்கொண்டிருந்த ஓரம்மையார், “என்னம்மா, வீட்டில் வேலை தீர்ந்துவிட்டதோ?” என்றார். மற்றொருவர், எடை குறையக் கண்டு, “உடம்புக்கு என்ன? மறைக்காமல் சொல்” என்று துக்கம் விசாரிப்பவர் போல் கேட்டார். வெளியார் சொல்லை எளிதில் தள்ளினோம். வீட்டுக்குள்ளே இருந்த தடையே வருந்தச் செய்தது. எம் மாமியாரவர்கள் எம்மிடம் அன்பு மிக்கவர்கள். அவர்கள் கையால் சுட்ட அதிரசத்தை யாம் ஒன்றோடு நிறுத்தியபோது, தம்மையே யாம் மறுத்துவிட்டதாக எண்ணிக் கண்கலங்கினார்கள். நம் வீடுகளில் அன்பு என்பது பரிமாறப்படுவது. வேண்டா என்றால் எதை வேண்டா என்கின்றோம் என்பது விளங்குவதில்லை. ஒருநாள் அவர்கள் பக்கத்தில் அமர்ந்து, எம் அன்னையாரின் காலைப் பற்றிச் சொன்னோம். அதுவரை முழுதும் சொன்னதில்லை. மறுநாள் முதல் எமக்கென்று அளந்து எண்ணெய் விடுபவர்கள் அவர்களே.

ஐந்து மாதத்தில் எட்டுக் கிலோ குறைந்து 71-இல் வந்து நின்றது. அதன்பின் ஒன்பது வாரம் முள் அசையவேயில்லை. இவ்விடத்திலேதான் பலர் விட்டுவிடுகின்றனர். யாமும் விடுவதற்கு இருந்தோம். உடம்பு சிறுத்தால் அதற்கு வேண்டும் உணவும் சிறுக்கின்றது. முன்பு குறைத்த அளவு இப்போது சரியளவாகிவிடுகின்றது. எழுதும் பழக்கமும் எம்மிடம் தளர்ந்திருந்தது. மீண்டும் நோட்டுப்புத்தகத்தை எடுத்தோம். நாற்காலியிலிருந்து கைகொடாமல் எழுந்து அமர்தல், சுவரில் கையூன்றி மார்பை முன்னும் பின்னும் கொண்டுபோதல், ஐந்து லிட்டர் தண்ணீர்க் கேன் இரண்டைத் தூக்கி முற்றத்தில் நடத்தல் ஆகியவற்றை வாரம் மூன்று நாள் செய்யலானோம். நாற்பதைக் கடந்த பெண்டிர்க்குத் தசை ஆண்டுதோறும் தேய்ந்து வருமாதலால் இப்பயிற்சி நடையினும் அவசியம் என்று இப்போது எண்ணுகின்றோம். முதல்நாள் ஆறு முறை எழுந்து அமர்வதற்குள் மூச்சு வாங்கிற்று. பதினெட்டாம் மாதத்தில் எடை 63, இடுப்பு 90, சர்க்கரையளவு 6.2. மாத்திரை பாதியாயிற்று, டாக்டர் அம்மையார் குறைத்தார்களேயன்றி யாமாகக் குறைக்கவில்லை.

இன்று காலையில் 64. கெத்தலே கணக்கின்படி யாம் இன்னும் பருமனுடையோமே. இதனை மறைக்காமல் சொல்லுவதற்குக் காரணம் உண்டு. எம் புதல்விக்கு வயது இருபத்தொன்று. சென்ற ஆண்டு பெண் பார்க்க வந்த ஒரு குடும்பத்தார், “பெண் கொஞ்சம் பூசினாற்போல் இருக்கின்றாள்” என்று தரகர் வாயிலாகச் சொல்லிவிட்டனர். அன்று முதல் அவள் இரவு உணவை ஒழித்தாள். கேட்டால், “நீங்கள் இளைத்தீர்களே” என்றாள். ஒருநாள் கல்லூரிப் பேருந்தில் மயங்கி விழுந்தாள். சோதித்ததில் இரத்தம் குறைந்திருந்தது. எம் வரலாற்றை எம் மகள் தவறாகப் படித்துவிட்டாள் என்பதை அன்று உணர்ந்தோம். யாம் இளைத்தது காலைக் காத்துக்கொள்வதற்கு. பிறர் கண்ணுக்கு விருந்தாவதற்கன்று. பெண்ணின் இடையை அளந்து வரன் பேசும் வழக்கம் நம் சமூகத்தில் இருக்குமட்டும் இந்த வேற்றுமையை நம் பெண்களுக்கு விளக்குவது எளிதன்று. இச்சபையில் ஆண்பிள்ளைகளைப் பெற்ற தாய்மார் பலர் இருக்கின்றீர்கள், மேலே சொல்லவேண்டுவதில்லை. அவள் இப்போது எம்மோடு உண்கின்றாள். கீரையும் முட்டையும் சோறும்.

ஊசி மருந்தைப் பற்றிச் சிலர் கேட்டார்கள். பசியை அடக்கி எடையைக் குறைக்கும் டிர்ஸெபடைடு, செமாகுளூட்டைடு என்னும் ஊசி மருந்துகள் 2025-ஆம் ஆண்டில் பருமனுக்கென நம் தேசத்தில் விற்பனைக்கு வந்தன. அவை பயனுடையவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் செமாகுளூட்டைடை நிறுத்திய ஓராண்டில் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியதாக 2022-இல் வெளியான ஆராய்ச்சி கூறுகின்றது. வேண்டுவோர் டாக்டரைக் கேட்டு முடிவு செய்க. பக்கத்து வீட்டாரைக் கேட்டு வேண்டா.

கடைசியாக ஒரு விண்ணப்பம். எம்மோடு இப்போது ஐந்து சகோதரிகள் நடக்கின்றார்கள். நடப்பதற்கு இடமின்றி நெடுஞ்சாலை ஓரத்தில் இருட்டிலே நடக்கின்றோம். லாரிகள் உரசிச் செல்கின்றன. சென்ற ஐப்பசியில் மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் எங்களுள் ஒருவரின் தாலிச்சங்கிலியைப் பறிக்க முயன்று அவரைக் கீழே தள்ளினர், முழங்கை முறிந்தது. அதுமுதல் யாங்கள் பொன்னை வீட்டில் வைத்து மஞ்சட்கயிற்றோடு செல்கின்றோம். அதற்கும் பேச்சுக் கேட்கின்றோம். முறிந்த கை கூடியும் அச்சகோதரி இன்னும் நடக்க வரவில்லை. அவர் வீட்டார் விடவில்லை. அவருக்கும் நீரிழிவு உண்டு.

நம் சங்கத்தின் கலியாண மண்டபத்துக்குப் பின்னே சுற்றுச்சுவர் உள்ள மைதானம் இருக்கின்றது. முகூர்த்த நாள் தவிர மற்ற நாளெல்லாம் அது பூட்டிக் கிடக்கின்றது. நான்கு முறை சுற்றினால் ஒரு கிலோமீட்டர், அடியெண்ணி அளந்துவிட்டோம். ஆண்டுவிழாப் பந்தியில் பாயசத்தை நிறுத்துக என்று யாம் கேட்கவில்லை. கேட்டால் எம்மையே சங்கத்தைவிட்டு நிறுத்திவிடுவீர்கள். காலை ஐந்தரை மணி முதல் ஏழு மணி வரையில் அந்த வாயிலை மாதர்க்குத் திறந்துவிடவேண்டும், ஒரு விளக்குப் போடவேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள். விளக்குக்கு ஆகும் மின்சாரச் செலவை எங்களுக்குள்ளே பகிர்ந்து தருவோம். சாவி காவற்காரரிடம் இருக்கின்றதாம். நிர்வாகிகள் உத்தரவு வந்தால் திறப்பதாகச் சொன்னார். நிர்வாகிகள் மூவர் இம்மேடையிலேயே இருக்கின்றார்கள். நாளைக் காலை ஐந்தரை மணிக்கு அவ்வாயிலின் வெளியே யாங்கள் ஐவர் நிற்போம். கை முறிந்த சகோதரியின் வீட்டுக்குப் போய் அவரையும் அழைத்து வருவதாக எம் மகள் சொல்லியிருக்கின்றாள்.